வழக்கமான சத்தம்

பேச்சாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். மேடையில் இந்த இரண்டுக்கும் மசியாத மைக்கை அவர் பார்த்ததில்லை.

கணினித் திரை வெள்ளையாகவே இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாழ்க்கை வரலாற்றின் முதல் வரியை மறுபடி முழங்கினார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போன ஒருவர், யாருக்கு என்ன ஆச்சோ என்று ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

ஐந்து மணிக்குள் முதல் அத்தியாயம் பத்திரிகைக்குப் போய்ச் சேர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொரு தொடர்கதை கையில் தயாராக இருக்கிறது, அதைப் போட்டுவிடுவேன் என்று ஆசிரியர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். யாருடைய கதை என்று இவர் கேட்கவில்லை. அடுத்தவர் எழுதுவதைப் பற்றிக் கேட்கும் பழக்கம் இவருக்கு இல்லை.

தானே எழுதலாமே என்றால், அது நடக்காது. உட்கார்ந்து பேனாவைப் பிடித்தால் கொட்டாவி வரும். எழுந்து நின்று கையை வீசிக் கத்தினால்தான் இவருக்கு வார்த்தை வரும். கல்யாணமான நாளிலிருந்து இவர் கூடத்தில் நடந்துகொண்டே கத்த, மனைவி மூலையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். போன வருஷம் விரல் வலி என்று பேனாவைக் கீழே வைத்தாள். பேசினால் எழுதும் இந்த மென்பொருளைக் கணினியில் போட்டு வைத்ததும் அவள்தான்.

ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் மைத்துனர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வயரை மாற்றினார். வேறு ஓட்டையில் செருகினார். மைக்கைப் பயன்படுத்த மென்பொருளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. கணினியை அணைத்துப் போட்டார். கடைசியாக, ஜன்னலோரம் நின்று முழங்கிக்கொண்டிருந்த அத்தானை நகர்த்திக்கொண்டு வந்து மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார வைத்தார். அதுதான் பெரும்பாடாகிவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மைத்துனர் சொன்னார். அச்சுப்பிசகாமல் எழுதியது.

டீயோடு வந்த மனைவி, ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள். அதையும் எழுதியது, முற்றுப்புள்ளியோடு.

பேச்சாளர் முழங்கினார். திரையின் ஓரத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் உச்சிக்கு எகிறிவிட்டு இறங்கியது. காதில் விழுகிறது, எழுத மனசில்லை, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சிக்காரன் வேலை என்றார். மைத்துனர் செட்டிங்ஸைத் தோண்டிக்கொண்டே போனார்.

அடியாழத்தில் அகப்பட்டது. இரைச்சலை நீக்கு என்று ஒரு இடம். அது முழு அளவில் வைக்கப்பட்டிருந்தது. எந்த இரைச்சல் என்பதற்கு மாதிரியாக, கீழே ஒரு சின்னப் பதிவு. அதை அழுத்தினார்.

கேட்கிறேன், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் கூடத்தையே உலுக்கியது.

தன் குரல்தான், என்ன கம்பீரம் என்று பேச்சாளருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

மைத்துனர் சுவர்க் கடிகாரத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"வீட்டுல வழக்கமா இருக்கிற சத்தத்தைப் பதியணும், பத்து நொடி பேசாம இருங்கன்னு அது சொல்லுச்சு" என்றாள் மனைவி. "நான் பேசாமதான் இருந்தேன்."

குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது. ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கிய குரலுக்கு, சொந்த வீட்டில் மின்விசிறிக்கும் மிக்சிக்கும் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தது.

அவளே மௌஸைப் பிடித்துப் பழைய பதிவை அழித்தாள். புதிதாகப் பதியணும், வாயைத் திறக்காதீர்கள் என்றாள். நேரமாச்சு, முடியுங்கள் என்று மேடையில் துண்டுச் சீட்டு வந்தால், அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் அரை மணி பேசுகிறவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மின்விசிறி. குழாயில் ஒரு சொட்டு. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் வைத்தார்கள். இந்த வீடு இவ்வளவு அமைதியானது என்பது அவருக்குத் தெரியாது.

நீக்குவதற்கு இரைச்சல் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது.

இப்போது பேசுங்கள் அத்தான், நேரம் இருக்கிறது என்றார் மைத்துனர்.

பேச்சாளர் வாயைத் திறந்தார். மூடினார். இவர் சத்தம் விழக்கூடாத அளவுக்கு, விரல் வலிக்காரி இந்த மென்பொருளிடம் அப்படி என்னதான் சொல்லிக்கொண்டிருந்தாள்? தினமும் மத்தியானம் இவர் கூடத்தில் ஒத்திகை பார்க்கும்போது, உள்ளறையில் அவள் பேசுவது லேசாகக் கேட்கும். யாரோ தோழியோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்திருந்தார். யார் என்று கேட்டதில்லை.

காலையில் ஆசிரியரிடமும் கேட்கவில்லை.

அவள் பக்கம் திரும்பினார். ஒரு சின்னக் குரல்தான் வந்தது.

"ஆசிரியர் கையில இருக்கிற கதை... உன்னோடதா?"

திரையில் அவர் பேசியது முதல் முறையாக விழுந்தது, கேள்விக்குறியோடு.

"ம்" என்றாள். அதையும் எழுதியது.

ஐந்தடிக்க இன்னும் நேரம் இருந்தது. பேச்சாளர் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஆறிப்போன டீயை ஒரே மடக்காகக் குடித்தார். பிறகு மைக்கை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

சீட்டு எதுவும் வராமலேயே.