வளைவுக்கு ஒரு ஓட்டு

"நாலு தடவை வந்துட்ட. நாலு தடவையும் மாட்டேன்னுதான் சொன்னேன். அஞ்சாவது தடவை மட்டும் என்ன மாறிடப் போகுது, கொரின்?"

ஆர்லீன் டால்கிரென் கதவைப் பாதிதான் திறந்தாள். ஆனால் கூடவே காபி வாசனையும் வந்தது. உள்ளே வா என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கில் அது போதும். கொரின் ஷூவைத் துடைத்துக்கொண்டு நுழைந்தாள். மணி நாலுதான். அதற்குள் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"தேர்தலுக்கு இன்னும் அஞ்சே நாள், மிஸஸ் டால்கிரென். போன தடவை மூணு மாவட்டமும் சேர்ந்து நாற்பத்தோரு ஓட்டுல தோத்தோம். நாற்பத்தோரு ஓட்டு! நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், இந்தப் பள்ளத்தாக்கே 'ஆமாம்'னு போடும்."

கடையில் நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் அரை டாலர் கூடுதல் வரி; ஓட்டு அதற்குத்தான். அந்தப் பணத்தில் நின்றுபோன பஸ்கள் திரும்ப ஓடும். ஆற்றோரச் சாலையின் வளைவு நேராகும். சரிசெய்ய வேண்டிய சாலைகள் என்று சியாட்டில் இன்ஜினியர்கள் போட்ட முதல் பட்டியலில் அந்த வளைவே கிடையாது. பல் டாக்டரிடம் வரவேற்பாளராக வேலை பார்க்கும் கொரின்தான் கூட்டம் கூட்டமாக அலைந்து, கத்தி, கெஞ்சி, அதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தாள். 'ஊருக்காக இப்படி உழைக்கிறாளே' என்று சர்ச்சில் எல்லோரும் மெச்சினார்கள்.

அந்த வளைவில்தான் மூன்று வருஷம் முன்னால் ஆர்லீனின் ஒரே மகன் நீல்ஸ் செத்தான். பத்தொன்பது வயசு. பஸ் நின்றுபோனதால் பால் பண்ணையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான். எந்த வண்டி இடித்தது என்று போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறான் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

"வேற எந்த அம்மாவும் அந்த வளைவுல பிள்ளையைப் பறிகொடுக்கக் கூடாது. அதுக்காகவாவது..."

"வரிக்காக நான் வேண்டாம்னு சொல்லலே." ஆர்லீன் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "வளைவை எடுத்துட்டா அவன் எங்கே நிப்பான்?"

"யாரு?"

"நீல்ஸ்தான். பனி இறங்கினா வந்துடுவான். இந்த ஜன்னல்ல நின்னாத் தெரியும். வர்ற ஒவ்வொரு வண்டியையும் குனிஞ்சு, உள்ளே யாருன்னு பார்ப்பான். அப்புறம் தலையை ஆட்டிட்டு நகர்ந்துக்குவான்."

கொரின் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அது... தந்திக் கம்பமா இருக்கும். பனியில எல்லாமே ஆள் மாதிரிதான் தெரியும்."

"என் பிள்ளைக்கும் கம்பத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

கொரின் மெல்ல எழுந்து ஆர்லீனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சரி, அவன்தான்னே வச்சுக்குவோம். குளிர்லயும் மழையிலயும் அவனை இப்படி நிக்க விடலாமா? ரோடு நேரானா அந்த இடமே இருக்காது. அவனும் போயிடுவான்."

"போயிடுவான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"போயிடணும்!" சொன்ன வேகத்தில் கொரினின் குரல் உடைந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "போயே ஆகணும், மிஸஸ் டால்கிரென்."

ஆர்லீன் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். சாலைப் பக்கம் நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் தன் வீட்டு வாசலில் நின்ற கொரினின் காரைப் பார்த்தாள்.

"வர்ற வழியில வளைவுல வண்டியை நிறுத்தினியா?"

"பிரசாரப் போர்டு நடணும்ல. நடறேன்னு சொன்ன ஆளு வரலே. இறங்கி நட்டுட்டு வந்துட்டேன், ரெண்டே நிமிஷம். ஏன் கேக்கறீங்க?"

தபாலில் வந்திருந்த வாக்குச் சீட்டை ஆர்லீன் அலமாரியிலிருந்து எடுத்தாள். 'ஆமாம்' என்பதற்கு எதிரே இருந்த கட்டத்தை அழுத்தமாகக் கறுப்பாக்கினாள். உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டாள்.

"என் பேரை நோட்டீஸ்ல போட்டுக்கோ. போட்டோ வேணும்னாலும் போட்டுக்கோ."

கொரினுக்கு நம்ப முடியவில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டதைப்போல இருந்தது. ஆர்லீனைக் கட்டிக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டோம்! இனிமே ஜெயிச்ச மாதிரிதான். அது சரி, திடீர்னு எப்படி மனசு மாறினீங்க?"

"அவனுக்கு இனிமே அந்த வளைவு வேண்டாம்மா." ஆர்லீன் திரையை இழுத்து மூடினாள். "அன்னிக்கு அவனை இடிச்சுட்டு நிக்காமப் போனவ இன்னிக்கு நின்னுட்டியே, காரை மாத்தினா மட்டும் உன்னை அவனுக்கு அடையாளம் தெரியாதா? அதோ, வாசல்ல, உன் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கான். பார்த்து மெதுவா ஓட்டிட்டுப் போ."