மேட்டில் திணறிய வண்டி

"காத்தளக்குற சென்சார் தானாவே கெட்டுப்போயிருக்கும், அப்படித்தானே அண்ணே?" மெக்கானிக்கின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார் டிரைவர்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. டர்போ குழாயோட கிளாம்பை எவனோ சரியா முறுக்காம விட்டிருக்கான். மேடேறும்போது காத்தெல்லாம் வெளியே போயிடும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி இழுக்காது. கடைசியா யாரு கை வச்சது?"

"நான்தான். போன மாசம் குழாயை நானே மாத்தினேன்."

"சரி விடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. இனிமே வண்டி பறக்கும்."

டிரைவர் ஆம்புலன்சின் பின்கதவைத் திறந்து, காலி ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. வண்டிமேல பழியைப் போட்டுத்தான் இந்த ஒரு வாரத்தையும் ஓட்டினேன்."

"யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"என் பொண்ணை, அண்ணே."