அடி வரிசை

மேஸ்திரி சுரேஷ் மூட்டையின் வாயைக் கிழித்துக் கவிழ்த்தார். சிமெண்ட் கொட்டவில்லை. பாறையாக விழுந்தது.

அடுத்த மூட்டையும் அப்படியே. அடி வரிசை முழுக்க, எட்டு மூட்டையும் அப்படியே.

கார்த்திகையில் மலையடிவாரச் செங்கத்திலிருந்து வந்து இறங்கிய மூட்டைகள். கீழே கட்டை போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும் என்று சாந்தம்மாளுக்குத் தெரியாது. பழைய கொட்டகையின் மண் தரையிலேயே அடுக்கச் சொல்லிவிட்டாள். மலையின் மார்கழி ஈரம் சும்மா விடுமா? தரை வழியே ஏறி, கீழே இருந்த வரிசையை மொத்தமாக இறுக்கிவிட்டது.

புது வீட்டின் மேல்தளம் முக்கால்வாசி முடிந்திருந்தது. கலவை மிஷின் வெறுமனே கடகடத்துக்கொண்டிருந்தது. சாரத்தில் வரிசையாக நின்றவர்கள் காலிச் சட்டியோடு கீழே பார்த்தார்கள்.

"மோல்டு ஒரே மூச்சுல முடிக்கணும்க்கா. இப்ப நிறுத்திட்டு நாளிக்கி ஒட்டுப் போட்டா, காலம் பூரா அந்த எடத்துல ஒழுவும்" என்றார் சுரேஷ்.

கீழே கடைக்குப் போன் போட்டாலும் வண்டி மலையேறி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஊற்றியது அதுவரை காத்திருக்காது.

சாந்தம்மாளுக்கு அழுகை முட்டியது. புருஷன் ஆதிநாராயணன் கேரளத்தில் காப்பித் தோட்டத்து வேலையில் இருக்கிறான். அவன் பணம் அனுப்புவதோடு சரி. டிப்பர்காரனோடு மல்லுக்கட்டி ஜல்லி இறக்கியது, கம்பி கட்டுபவனை விரட்டி வேலை வாங்கியது, பலகைக்காரனைக் கெஞ்சி சென்ட்ரிங் அடித்தது எல்லாம் அவள்தான். ஒரு பொம்பளை என்ன வீடு கட்டிக் கிழிப்பாள் என்று சிரித்தவர்களின் வாயை ஏறக்குறைய அடைத்துவிட்டாள். கடைசியில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

அந்த ஊரில் சிமெண்ட் இருந்தது வேறு ஒரே ஒரு இடத்தில்தான். பக்கத்து வீட்டில். கோபாலிடம்.

கோபால் வேறு யாருமில்லை, ஆதிநாராயணனின் கூடப்பிறந்த தம்பி. பாகம் பிரித்தபோது இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்து யாருக்கு என்பதில் சண்டை மூண்டது. அன்றோடு பேச்சு நின்றது. பேச்சுதான் நின்றதே தவிர ஏச்சு நிற்கவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சாந்தம்மாள் தன் ஆட்டைப் பார்த்துச் சொல்லுவாள், அவன் காதில் விழும்படி. அவன் பதிலுக்கு எதையும் பார்த்து எதுவும் சொல்வதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

போன வாரம் ஜீப்பில் சிமெண்ட் கொண்டுவந்து இறக்கினான். அந்தச் சந்தை மறித்துச் சுவர் எழுப்பப் போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டது. அவளும் நம்பினாள். அன்று அந்த ஆட்டுக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல.

"கட்டட்டும். கட்டி அதுலயே முட்டிக்கினு நிக்கட்டும்!"

அந்தச் சிமெண்டைத்தான் இப்போது போய்க் கேட்க வேண்டும்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பழைய வீட்டில் மழைக்கு மழை பாத்திரம் மாற்றி மாற்றி வைத்தே பாதி ஆயுள் போயிருந்தது. புது வீடும் ஒழுக வேண்டுமா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

கோபால் வாசலில் சாமையைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

இடையில் ஆடு இல்லை. நேராகத்தான் பேச வேண்டியிருந்தது.

"மூட்ட கல்லாப் போச்சு. உன்னோடத குடு. அடுத்த வாரமே வாங்கித் தந்துர்றேன், உன் செவுத்து வேல நிக்காது."

"செவுரா? இன்னா செவுரு?"

நடிக்கிறான் என்று நினைத்து, அவள் சுற்றிலும் பார்த்தாள். ஆறு மாதமாக மணலும் கல்லுமாகக் கிடந்து பழகிய கண். வாசலில் சாமையைத் தவிர ஒன்றுமில்லை. சந்தில் புல் மண்டிக் கிடந்தது. ஒரு கூடை மணல் இல்லை. ஒரு செங்கல் இல்லை. அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்த அடையாளம்கூட இல்லை.

வெறும் சிமெண்டை வைத்துக்கொண்டு எவன் சுவர் கட்டுவான்?

மூட்டைகள் தாழ்வாரத்தில் இருந்தன. கீழே கட்டை, மேலே தார்ப்பாய். சுவரில் ஈரம் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளி அடுக்கியிருந்தான். அங்கிருந்து பார்த்தால், கதவில்லாத அவளுடைய கொட்டகை உள்வரைக்கும் தெரிந்தது.

கோபால் தார்ப்பாயை விலக்கி, ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டான்.

"அடி வரிசதான அண்ணி போச்சு? எட்டு மூட்ட, சரியா இருக்கும்."

சாந்தம்மாள் அவனிடம் வரிசையையும் சொல்லவில்லை, கணக்கையும் சொல்லவில்லை.