ஒன்பது வருடப் பழைய குறிப்பு

வீட்டில் மூன்று பேர்: அவன், அக்கா, உள்ளறையில் தூங்கும் அக்கா மகள் பாப்பா. ஏதோ ஒரு இலவச மென்பொருளின் நிரலுக்குள் யாரோ எழுதிவைத்த குறிப்புகளில் அவன் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தான்.

“ஊரான் வீட்டுக் குப்பைய நீ ஏன்டா பெருக்குற?” என்றாள் அக்கா.

“யாராவது பெருக்கணும்ல.”

பிழை தேடும் கண் பொருளைப் பார்க்காது. திருத்தி அனுப்பிய பிறகுதான் அந்த வரியை வாசித்தான். ‘பாப்பா பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.’ எழுதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பாப்பாவுக்கு வயது மூன்று.

உள்ளறையில் கட்டில் காலி. பின்கதவு திறந்து கிடந்தது. இருவரும் வெளியே ஓடினார்கள். சந்தில் ஆளே இல்லை.

“ரெண்டு பேரும் போயாச்சு,” என்று வீட்டுக்குள் பாப்பா யாரிடமோ சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. அவளுக்கு எட்டாத மேல்தாழ்ப்பாளை யாரோ போட்டார்கள்.