நன்னடத்தைச் சான்று

‘மார்ச் 12. விண்ணப்பத்தில் என் கைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தம்பியின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.’

மாலை வகுப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“உங்க தம்பி போனுக்கு ஓடிபி போயிருக்கு. கேட்டுச் சொல்லுங்கக்கா” என்றார் கணினி மையத்துக்காரர்.

“அவன் எடுக்க மாட்டான். என் நம்பரை மாத்துங்க.”

“நன்னடத்தைச் சான்று அவருக்கு, அலைச்சல் உங்களுக்கு. குடுத்து வச்ச மனுஷன்.”

அவள் சிரிக்கவில்லை. காவல்துறை தரும் இந்தச் சான்று ஒன்றைத்தான் நம்பியிருந்தாள். ஓர் எழுத்துப் பிசகினாலும் பதில் மாறிவிடுமோ என்ற பயத்தில், தம்பியின் பெயரையும் பிறந்த தேதியையும் மூன்று முறை சரிபார்த்தாள்.

ஒன்பதாம் நாள் சான்று வந்தது. அவர் திரையைப் பார்த்துப் படித்தார்.

“வழக்கு இல்லை, கைது இல்லை, குற்றப் பதிவு எதுவும் இல்லை. உங்க தம்பி சொக்கத் தங்கம்கா. ஸ்வீட் எடுங்க.”

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

“இன்னொரு தடவை பாருங்களேன். சின்னத் திருட்டு, அடிதடி, குடிச்சிட்டு ரகளை... ஏதாவது ஒண்ணு இருக்கும்.”

“என்னக்கா இது? கேஸ் இல்லேன்னா சந்தோஷப்படுவாங்க. வேலைக்குத்தானே கேட்டீங்க?”

“அவன் வீட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு தகவலும் இல்ல. ஏதோ ஒரு ஜெயில்லயாவது உயிரோட இருப்பான்னு நினைச்சேன்.”

அவர் அச்சிட்ட தாளை நீட்டினார். அதை நான்காக மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்துவிட்டு அவள் எழுதினாள்:

‘நாளை: காலை ஒன்பது மணிக்கு அரசு மருத்துவமனை. பிணவறைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தம்பியின் புகைப்படத்தை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.’