கொத்தனார் வீட்டுக் கன்று

பிடித்து ஒரே இழு. கன்று கையோடு வந்துவிட்டது. வேராவது ஒன்றாவது! வெறும் ஒடித்த கிளை.

"அடப்பாவிகளா!" என்றாள் அதிகாரி, கொஞ்சம் சத்தமாகவே.

ஊர்க்காரர்களே நட்டு, ஊர்க்காரர்களே வளர்க்கிற மரத் திட்டம். ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து மார்க் போட வந்தவள் அவள். அந்த மார்க்கைப் பொறுத்துத்தான் இந்த ஊர் ஏரியைத் தூர் வாரிக் கொடுப்பார்கள்.

முன்பு வேறொரு ஊரில், அவள் வருகிற அன்றைக்கு மட்டும் கிளைகளை ஒடித்து நட்டு ஏமாற்றியிருந்தார்கள். சூடு கண்ட பூனையாச்சே! அதிலிருந்து எந்தக் கன்றையும் இழுத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

கூட வந்த தையல்காரம்மாவின் முகம் வெளிறிப்போனது. மரக் குழுவுக்குத் தலைவி அவர்தான்.

"மெதுவா பேசுங்க மேடம். உள்ளே கொத்தனார் இருக்கார்."

"இருக்கட்டுமே! தெருவெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கேன்னு மனசு குளிர்ந்து வந்தேன். கடைசி வீட்டுல குட்டு உடைஞ்சுபோச்சு. யாரை ஏமாத்தப் பார்க்கிறீங்க, என்னையா?"

"ஐயோ, உங்களை இல்லை மேடம். ஒரு கன்னு பட்டுப்போச்சுன்னு காலையிலயே சொன்னேனே, அது இதுதான். எந்த வீட்டுதுன்னு நீங்க கேட்கலை."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு இப்போ கண்ணு தெரியாது. இதை நட்டது அவர் மகன். நட்ட கொஞ்ச நாள்ல லாரி மோதிப் போய்ச் சேர்ந்துட்டான். மனுஷன் தினமும் எழுந்ததும் இந்த இலையைத் தடவிப் பார்த்துட்டுத்தான் டீயே குடிப்பார். இதுவும் பட்டுப்போச்சுன்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரலை."

"அதனால?"

"வாட வாட, தெருவுல முறை வெச்சுக் கிளையை மாத்துறோம். அதோ, பக்கத்துலயே புதுக் கன்னு வெச்சிருக்கோம். அதுவும் இது மாதிரி அவர் நெஞ்சு உயரம் வந்துட்டா நாங்க தப்பிச்சோம்."

காலையிலிருந்து அதிகாரி வீடு வீடாக, 'திட்டத்தில் உங்கள் பங்கு என்ன?' என்று கேட்டு வந்திருக்கிறாள். ஒருத்தராவது இதைச் சொன்னார்களா?

கதவு திறந்தது. சுவரைத் தடவியபடி கொத்தனார் வந்தார்.

அதிகாரி பதறிப்போய்க் கிளையைக் குழியில் செருகி, மண்ணைக் காலால் மிதித்தாள்.

"யாரு? கன்னு சலசலக்குதே?"

"காத்துங்க ஐயா." பொய் என்ன சரளமாக வருகிறது அவளுக்கு!

"புதுக் குரலா இருக்கே. மார்க் போடுற அம்மாவா? ஏம்மா தலைவி, வந்தவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வா."

தையல்காரம்மா உள்ளே போனார். அவர் காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்த கொத்தனார், இலையை ஒருமுறை தடவினார். பிறகு அதிகாரி பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"நல்லா மார்க் போடுங்கம்மா. இது கொத்தனார் கை. அஸ்திவாரம் இல்லாதது தொட்டாலே தெரிஞ்சுடும். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், மனசு ஒடிஞ்சுபோவாங்க."