ரெண்டும் ஒண்ணுதான்

அப்பா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னவளின் சைக்கிளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் அடித்து மூட்டு மூட்டாக ஆராய்ந்தார். காசால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்த பெரியவளின் சைக்கிளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பெரியவள் ஷூவை மாட்டிக்கொண்டே அதைக் கவனித்தாள். தினமும் காலையில் நடப்பதுதான். தினமும் அவளுக்கு வயிறு எரிவதும்தான்.

போன வருஷம் வரைக்கும் சைக்கிள் ரேஸில் மேடு ஏறும்போது அவளை யாரும் நெருங்கியதில்லை. அப்புறம் அப்பா மகள்கள் இருவருக்கும் ரேஸ் ஓட்டக் கார்பன் ஃப்ரேம் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே அளவு. "ரெண்டும் ஒண்ணுதான், சண்டை போடாதீங்க" என்று சிரித்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மேடு ஆரம்பித்தாலே தங்கை சிட்டாய்ப் பறந்தாள். அக்கா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினாள்.

முதலில் தன் கால்களைத்தான் சந்தேகப்பட்டாள். பயிற்சியைக் கூட்டினாள், சாப்பாட்டை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் புத்தி சைக்கிள் பக்கம் திரும்பியது. மேலே ஒரே மாதிரி பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே இருக்கும் கார்பனின் தரம் யாருக்குத் தெரியப்போகிறது? கடைக்குட்டி என்றால் அப்பாவுக்கு உயிர் வேறு.

அடுத்த வாரம் தேர்வுப் போட்டி. அணியில் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். இனியும் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

தங்கை சளிக்காய்ச்சலில் படுத்திருந்தாள். போட்டிக்கு முன்னால் ரெண்டு சைக்கிளையும் சர்வீஸுக்கு விட்டுவிடலாமா என்று கேட்டதும், அக்கா பார்த்துக்கொண்டால் தனக்குக் கவலையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். அந்த நம்பிக்கை பெரியவளைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

உடைந்த கார்பன் ஃப்ரேம்களை ஒட்டிக் கொடுக்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். எது யாருடையது என்று அவரிடம் காட்டிவிட்டு, ரெண்டையும் கழற்றி உள்ளே வரைக்கும் பார்த்துத் தரம் சொல்லச் சொன்னாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சின்னவளோட சைக்கிள் எங்கே?"

காணாமல் போயிருந்தது ரெண்டு சைக்கிள். அவர் கேட்டது ஒன்றைத்தான். தரம் பார்க்கக் கொடுத்திருப்பதாகப் பெரியவள் சொன்னாள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டும் ஒண்ணு இல்லதானேப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "தங்கச்சிகிட்ட மட்டும் இதைப் பத்தி மூச்சு விட்டுடாதே."

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டு முதுகில் குத்தியிருக்கிறார்கள். அவள் தோற்றுத் திரும்பிய ஒவ்வொரு நாளும் இதே அப்பாதான் தலையைத் தடவி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார். அவர் ஏதோ விளக்க வாயெடுத்தார். ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது சக்கரம், ஹேண்டில்பார், சீட் எல்லாம் கழற்றப்பட்டு, ஃப்ரேம்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கொக்கியில் தொங்கின. எது எது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை.

மெக்கானிக் மெல்லிய கேமரா வயரை ஒரு ஃப்ரேமுக்குள் விட்டுத் திரையைக் காட்டினார். கார்பன் இழைகள் வாரிவிட்ட தலைமுடிபோல வரிசையாகப் படிந்திருந்தன. அடுத்ததற்குள் விட்டார். ஒரே சுருக்கம், அங்கங்கே பசை கட்டிகட்டியாக உறைந்து கிடந்தது.

அந்த இரண்டாவதை மேஜையில் கிடத்தி, பெடல் மாட்டும் இடத்தில் கையை ஊன்றி அழுத்தினார். அது ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. ஸ்டிக்கர் மட்டும்தான் கம்பெனியுடையது, ஃப்ரேம் சுத்தப் போலி என்றார். மிதிக்கிற பலத்தில் பாதி இதை வளைக்கவே செலவாகிவிடுமாம். ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துப் பக்கம் விரிசல் வேறு விழ ஆரம்பித்திருந்தது. இறக்கத்தில் விட்டுப்போனால் ஆள் தப்பிக்க முடியாது என்றார்.

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பதக்கம் போனால் போகட்டும். தெரிந்தே இதில் ஏற்றிவிட அவருக்கு எப்படி மனசு வந்தது? தினமும் சாப்பாடு போட்டு, டாட்டா காட்டி அனுப்பிய அம்மாவுக்கு எப்படி மனசு வந்தது?

ஆனாலும் அழுகைக்கு நடுவே எங்கோ ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. குறை தன் கால்களில் இல்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதனாலதாண்ணே என் தங்கச்சி மேட்டுல என்னை ஜெயிச்சுக்கிட்டே இருந்தா."

மெக்கானிக் புரியாமல் அவளைப் பார்த்தார். மேஜையில் கிடந்த ஃப்ரேமைக் கையில் எடுத்து, இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் போலியில ஏறியா உன் தங்கச்சி உன்னை ஜெயிச்சா?"